பழைய ரிக்கார்டு, டைப்ரைட்டர் வாங்குவோர் கவனத்துக்கு: பளபளப்பை நம்பாதீர்கள்

பழைய சாமான் கடையில் கண்ணாடி மாதிரி மின்னும் எல்பி ரிக்கார்டு (வினைல் இசைத்தட்டு) கண்ணில் பட்டால் முதலில் மோந்து பாருங்கள். மெல்லிசாக எண்ணெயோ பாலிஷோ தடவிக் கீறலை மறைத்து விற்கிறார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு பாட்டு ஓடுவதற்குள் அந்தப் பிசுக்கில் ஒட்டிய தூசு ஊசிமுனையில் திரண்டு, குரல் கரகரக்க ஆரம்பிக்கும். திருப்பிக் கொண்டுபோனால், "பழைய பொருள்னா அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிடுவார்கள். பிசுக்கைக் கழுவிவிடலாம், தேய்ந்த தட்டை ஒன்றும் செய்ய முடியாது.

தேய்மானத்தைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். தட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். வரிகள் சாம்பல் பூத்தாற்போல மங்கியிருந்தால் கனத்த ஊசியோ மழுங்கிய ஊசியோ பள்ளத்தின் சுவரைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். நகத்தில் இடறும் கீறலில் ஊசி துள்ளும் அல்லது ஒரே வரியில் மாட்டிக்கொள்ளும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் நிறைய கோடுகள் இருந்தால் பலமுறை ஓடிய தட்டு. உறையில் இருக்கும் எண்ணும் லேபிளில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். நல்ல உறைக்குள் வேறு தட்டைச் செருகுவது சாதாரணமாக நடக்கிறது.

சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்பியைப் போட்டுக் காட்டினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அதன் எஃகு ஊசி 100 கிராமுக்கு மேல் அழுத்தும். எல்பிக்கு 2 கிராம் போதும், ஒரே ஓட்டத்தில் தட்டு பாழாகிவிடும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கச் சொல்பவர் பேச்சையும் கேட்காதீர்கள், ஆல்கஹாலில் அரக்கு கரையும்.

டைப்ரைட்டரிலும் இதே எண்ணெய் வித்தைதான். எழுத்துக் கம்பிகள் உட்காரும் வளைந்த பள்ளத்தில் எண்ணெய் பீய்ச்சினால் அன்றைக்குப் பட்டன் எல்லாம் பட்டுப்போல ஓடும். கொஞ்ச நாளில் எண்ணெயும் தூசும் கலந்து பிசினாகி, அடித்த எழுத்து கீழே இறங்காமல் நிற்கும். அங்கே விரலை வைத்துப் பாருங்கள், ஈரமாக இருக்கக்கூடாது. மினரல் ஸ்பிரிட்டும் (பெயின்ட் கரைக்கும் பெட்ரோலிய திரவம்) பல்துலக்கும் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தம் செய்து உலர விடுவதுதான் சரி.

"ரிப்பன்தான் காய்ஞ்சிருக்கு, மத்தபடி நல்ல மிஷின்" என்பதைச் சோதிக்கக் கையோடு இரண்டு தாளும் ஒரு கார்பனும் கொண்டுபோங்கள். கார்பனை நடுவில் வைத்துச் செருகி, ஒவ்வொரு பட்டனையும் சிறிய எழுத்திலும் பெரிய எழுத்திலும் அடியுங்கள். ரிப்பன் இல்லாமலே அடித்தாளில் எழுத்து விழும். பெரிய எழுத்து மேலேறியோ கீழிறங்கியோ நின்றால் ஷிஃப்ட் கோணல். முற்றுப்புள்ளி தாளைத் துளைத்தால் தாள் சுற்றும் ரோலரின் ரப்பர் கல்லாகிவிட்டது, புது ரப்பர் போடும் செலவு மிஷின் விலையையே தாண்டலாம்.

ரோலரைச் சுமந்து பக்கவாட்டில் ஓடும் கேரியேஜ் நகரவில்லையா? முதலில் அதன் பூட்டைத் தேடுங்கள், பூட்டியே கிடக்கும் மிஷின்கள் ஏராளம். பூட்டு இல்லையென்றால் கேரியேஜை வலப்பக்கம் தள்ளிப் பாருங்கள். ஸ்பிரிங் இழுவையே கையில் தெரியாவிட்டால் பெரும்பாலும் இழுகயிறு அறுந்திருக்கும், அது சின்ன வேலை, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். எழுத்துக் கம்பி உடைந்திருந்தால் அதே மாடலில் இன்னொரு மிஷினை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த மிஷினைத் தொடாமல் வந்துவிடுங்கள்.