முனை இல்லாத சமையல் கத்தி: வாங்கலாம், சட்டமாக்கலாமா?

கத்தி நன்றாக இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 20 செ.மீ. அலகு, துருப்பிடிக்காத எஃகு. நுனி மட்டும் கூராக முடியாமல், நறுக்கி எடுத்துவிட்டது போல் சதுரமாக நிற்கிறது. வெங்காயம், தக்காளி, முட்டைக்கோஸ் எதிலும் குறையில்லை. காய் நறுக்கும் வேலை முழுவதும் அலகின் வயிற்றிலும் அடியிலும்தான் நடக்கிறது, நுனி சும்மா கூட வருகிறது என்பது இதைப் பிடித்து நறுக்கினால் புரியும். நறுக்கியதைப் பலகையிலிருந்து வழித்துப் போட அந்தச் சதுர முனை இன்னும் வசதி. ஜப்பானியர்களின் நகிரி என்ற காய்கறிக் கத்தியும் சீனர்களின் அகலக் கத்தியும் காலங்காலமாக இப்படித்தான் இருக்கின்றன. புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை.

உருளைக்கிழங்கின் கண்ணைத் தோண்டுவது, கோழியின் மூட்டைப் பிரிப்பது, பாக்கெட்டைக் கிழிப்பது ஆகிய மூன்றுக்கும் இது உதவாது. பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கூர்க்கத்தி வேண்டும்.

பெட்டியில் 'பாதுகாப்பான கத்தி' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். விரலுக்கு அப்படி ஒரு பாதுகாப்பும் இல்லை, மற்ற கத்தி எப்படி அறுக்குமோ அப்படியே அறுக்கும். அவர்கள் சொல்ல வருவது வேறு: இதை வைத்து ஆளைக் குத்துவது கஷ்டம் என்று. என் தம்பி அதைப் படித்துவிட்டு, "அக்கா, எல்லாக் கத்தியையும் இப்படி ஆக்கிவிட்டால் பாதிக் கொலை நின்றுவிடும்" என்றான். அன்றைக்குச் சமையல் முடியத் தாமதமானது.

நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வெட்டுக்காயம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் கழுத்து மாதிரி இடமாக இல்லாவிட்டால் பெரும்பாலும் தைத்து அனுப்பிவிடலாம். குத்துக்காயம் நேர்மாறு. வெளியே சின்னக் கீறல்தான் தெரியும், உள்ளே கல்லீரலோ இதயமோ கிழிந்திருக்கும். எலும்பில் படாத குத்தைத் தடுப்பது பெரும்பாலும் தோலும் உடுத்திய துணியும்தான். கூர்முனை தோலைத் துளைத்துவிட்டால் அப்புறம் பெரிய பலமே தேவையில்லை, அலகு இறங்கிக்கொண்டே போகும். முனை அகலமாக இருந்தால் அந்த முதல் துளை விழுவதே கஷ்டம். இந்தக் கத்தியின் சங்கதி அவ்வளவுதான்.

லண்டனில் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் மூன்று பேர் 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதையே எழுதினார்கள்: நீளமான கூர்முனைச் சமையல் கத்திகளின் விற்பனையைத் தடை செய்யுங்கள் என்று. பத்துச் சமையல் கலைஞர்களிடம் கேட்டும் பார்த்தார்கள். நீண்ட கத்திக்குக் கூர்முனை கட்டாயம் என்று ஒருவரும் சொல்லவில்லை. என் அடுப்படி அனுபவமும் அதுதான்.

தம்பி பேச்சில் நியாயம் எங்கே இருக்கிறது என்றால், வீட்டுச் சண்டையில். கோபத்தில் கை எதை எட்டுகிறதோ அதை எடுக்கிறது. வீட்டில் எட்டுவது சமையல் கத்தி. அந்த நிமிடத்தில் கையில் இருப்பது குத்த முடியாத கத்தியாக இருந்தால் ஒருவர் பிழைக்கலாம். 'நினைத்தவன் வேறு வழி தேடிக்கொள்வான்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் எல்லோரும் தேடுவதில்லை. இலங்கையில் 1990களில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு, பத்தாண்டுக்குள் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாக இறங்கியது.

ஆனால் பூச்சிமருந்து தீர்ந்துபோகும், கத்தி தீராது. இன்றைக்கே விற்பனையை நிறுத்தினாலும் வீட்டுக்கு வீடு இருக்கும் கத்திகள் இன்னும் இருபது முப்பது வருடம் உழைக்கும். சதுர முனையைச் சாணைக்கல்லில் தேய்த்துக் கூராக்க யாருக்கும் பெரிய வித்தை தேவையில்லை. திட்டம் போட்டுக் கிளம்புகிறவனை இந்தக் கத்தி ஒன்றும் செய்யாது. அதிலும் அரசாங்கங்கள் தடை செய்வது பெரும்பாலும் பயமுறுத்தும் தோற்றமுள்ள கத்திகளைத்தான். டோக்கியோவின் அகிஹபாரா கடைவீதியில் 2008இல் நடந்த கத்திக்குத்துக் கொலைகளுக்குப் பிறகு ஜப்பான் 2009இல் இருபக்கக் கூருள்ள கத்திகளைக் கட்டுப்படுத்தியது. பிரிட்டன் 2024 செப்டம்பரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், திகில் படத்தில் வருவது போன்ற 'ஸோம்பி' பாணிக் கத்திகளைத் தடை செய்தது. ஆனால் அங்கே கத்திக்குத்துக் கொலைகளில் அதிகம் அகப்படுவது சாதாரணச் சமையல் கத்தி. அதே வருடம் ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்போர்ட் ஊரில் மூன்று சிறுமிகளைக் கொன்றவன் கையில் இருந்ததும் அதுதான். பதினேழு வயதில் இணையத்தில் வாங்கியிருந்தான். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கத்தி விற்கக்கூடாது என்ற சட்டம் அப்போதே இருந்தது.

ஸ்காட்லாந்துக்காரர்கள் அடுப்படியில் கை வைக்கவில்லை. 2005இல் கிளாஸ்கோ போலீஸ் வன்முறையை ஒரு நோய் போல அணுகும் தனிப் பிரிவைத் தொடங்கியது. இளைஞர் கும்பல்களை அழைத்துப் பேசினார்கள், வேலைக்கு வழி காட்டினார்கள், காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருபவர்களை அங்கேயே பிடித்து வன்முறையிலிருந்து விலகச் சொன்னார்கள். தெருவில் கத்தியோடு பிடிபட்டால் தண்டனையும் கூடியது. பத்தாண்டுக்குள் நாட்டின் கொலை எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கடினம், ஆனால் சமையல் கத்திக்குத் தடை அந்தப் பட்டியலில் இல்லை.

அதனால் தம்பியிடம் நான் சொன்னது: தடை வேண்டாம், கடையில் முன்வரிசையில் இதை வைக்கட்டும், கூர்முனை வேண்டும் என்பவர் கேட்டு வாங்கட்டும். அடிதடி உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு யாராவது சும்மாவே கொடுத்தாலும் தகும். "அரைகுறைத் தீர்ப்பு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருக்கட்டும்.

கத்திக்கு வருகிறேன். கைப்பிடி வழவழப்பாக இருப்பதால் ஈரக்கையில் சுழல்கிறது; இது உண்மையான குறை. சாணை நன்றாக ஏறுகிறது, சதுர முனையின் கீழ் மூலை வரை ஒரே சீராகப் பிடிக்கலாம். காய்கறிச் சமையல் அதிகம் உள்ள வீட்டுக்கு வாங்கலாம். மீனும் கோழியும் முழுதாக வாங்கி வீட்டில் சுத்தம் செய்பவர்கள் பழைய கத்தியையே வைத்துக்கொள்ளுங்கள்.