லேபிள் இடும் கையா, லேபிள் இல்லாத வீடியோவா?

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான், ஆத்தங்குடி செல்லும் சாலைகளில் கார் கேமரா பதிந்த வீடியோவுக்கு, சிட்டிஸ்கேப்ஸ் என்ற நகரச் சாலைப் படத் தரவில் பயின்ற செக்மென்டேஷன் மாதிரியை, அதாவது படத்தின் ஒவ்வொரு பிக்சலும் சாலையா, நடைபாதையா, வண்டியா என்று வகுத்துச் சொல்லும் கணினி மாதிரியை, பழக்க வேண்டியிருந்தது. 2016-இல் வெளியான அத்தரவு பெரும்பாலும் ஜெர்மானிய நகரங்களுடையது. கல் விளிம்பு கட்டிய நடைபாதைகளையே கண்ட மாதிரி, தார் எங்கே முடிகிறது என்று தெரியாமல் செம்மண் ஏறிக் கிடக்கும் நம் சாலையோரத்தை ஒரு ஃப்ரேமில் சாலை என்றும் அடுத்ததில் நடைபாதை என்றும் மாற்றி மாற்றிச் சொன்னது.

மாதிரிக்குள் ஓடும் எண்களைச் சீரான வீச்சுக்குக் கொண்டுவரும் பேட்ச் நார்மலைசேஷன் அளவுகளை மட்டும் புதிய வீடியோவைக் கொண்டு திருத்துவது எளிது. வெளிச்சமும் நிறமும் மாறியதைச் சற்றுச் சரிசெய்வதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. ஒவ்வொரு பிக்சலும் எந்த வகுப்பு என்று கையால் லேபிள் இட்டு மறுபயிற்சி அளிப்பதே துல்லியமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நான் தேர்ந்தது, லேபிள் இல்லாத வீடியோவைக் கொண்டே மாதிரியைத் திருத்தும் வழியை.

காரணம் பராமரிப்பு. சிட்டிஸ்கேப்ஸில் ஒரு படத்தை நுணுக்கமாக லேபிள் இட்டுச் சரிபார்க்கச் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அவ்வுழைப்பை ஒருமுறை கொடுத்துவிடலாம். ஆனால் ஐப்பசி மழையில் செம்மண் கறுத்து, ஊருணி நிறைந்து, சாலையோரம் பச்சை கட்டிவிடும். பங்குனியில் அதே இடம் வெளிறிப் புழுதியாகக் கிடக்கும். கேமராவை மாற்றினாலும் நிறம் வேறாகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆள் வைத்து லேபிள் இடுவது சிறு குழுவுக்குக் கட்டுப்படியாகாது. வீடியோ வழியிலோ, புதிய பதிவைக் கொடுத்துப் பயிற்சியை மீண்டும் ஓடவிட்டால் போதும்.

ஒரு ஃப்ரேமின் பிக்சல் அடுத்த ஃப்ரேமில் எங்கே நகர்ந்தது என்பதை ஆப்டிகல் ஃப்ளோ கணிக்கிறது. நகர்ந்த இடத்திலும் மாதிரி அதே பதிலைச் சொன்ன பிக்சல்கள் மட்டும் தற்காலிக லேபிளாகின்றன, முரண்பட்டவை ஒதுக்கப்படுகின்றன. பயிலும் மாதிரியின் எடைகளுக்கு (பயிற்சியில் திருத்தப்படும் உள் எண்களுக்கு) நகரும் சராசரி எடுத்து உருவாக்கிய ‘ஆசிரியர்’ மாதிரியிடம் அந்த லேபிளைப் பெற்றால் தடுமாற்றம் இன்னும் குறைகிறது. செம்மண் ஓரத்தின் ஊசலாட்டம் அடங்கியது இதனால்தான்.

எல்லா ஃப்ரேம்களிலும் மாதிரி ஒரே பிழையைச் சாதித்தால், இம்முறை அப்பிழையையே உறுதிப்படுத்திவிடும். சிட்டிஸ்கேப்ஸின் 19 மதிப்பீட்டு வகுப்புகளில் ஆட்டோ இல்லை. எவ்வளவு வீடியோ காட்டினாலும் அப்பெயர் தானாக முளைக்காது. அதற்கு, ஐதராபாத், பெங்களூரு சாலைகளில் எடுக்கப்பட்டு ஆட்டோவைத் தனி வகுப்பாகக் கொண்ட ஐடிடி (India Driving Dataset) தரவிலிருந்து தொடங்குவதே நல்லது. சில ஃப்ரேம்களையாவது கையால் லேபிள் இட்டு, பயிற்சியில் சேர்க்காமல், சோதனைக்கென ஒதுக்கியே ஆக வேண்டும். இரவு ஓட்டத்தில் எனக்குப் பழக்கம் குறைவு. எதிர்வரும் விளக்கொளியில் ஆப்டிகல் ஃப்ளோவே தடுமாறும் என்பதால், அங்கே கையால் இடும் லேபிளையே நாடுவேன்.