சைகோனா, டா நாங்கா, ஹனோயா? வியட்நாமில் தனியாக ஒரு மாதம் தங்க எந்த ஊர்

பகலில் லேப்டாப் வேலை, சாயங்காலம் ஊர் சுற்றல், மனசுக்குப் பிடித்த யாராவது கிடைத்தால் ஒரு காபி, கூடிவந்தால் அதற்கு மேலும். இந்தத் திட்டத்தோடு வியட்நாம் போகிறவர்கள் எல்லோரும் கடைசியில் இந்த மூன்று ஊரில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. மூன்றையும் பார்த்துவிட்டு நான் தங்கியது ஹோ சி மின் நகரத்தில், அதாவது சைகோனில். அடுத்த முறை போனாலும் அங்கேதான் தங்குவேன். அதனால் இதில் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

செலவை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது, மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1 லட்சம் டாங் என்பது நம் காசில் ஏறக்குறைய 350 ரூபாய். டா நாங் கடற்கரைக்குப் பக்கத்தில் என்றாலும் சரி, சைகோன் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி என்றாலும் சரி, சமையல் மேடையோடு ஓர் ஒற்றை அறை மாதம் 60 லட்சத்திலிருந்து 1 கோடி டாங்குக்குள் கிடைக்கும். கரண்டுக்குத் தனியாக யூனிட்டுக்கு 3,500, 4,000 டாங் என்று வாங்குவார்கள், ஏசியை ராத்திரி பகல் ஓட்டினால் பில் வந்ததும் கண் திறக்கும். சைவக்காரர்களுக்கும் கவலை இல்லை. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நிறைய பேர் சைவம்தான் சாப்பிடுவார்கள், 'சாய்' என்று போர்டு வைத்த சைவக் கடைகள் மூன்று ஊரிலும் உண்டு.

ஹனோயை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அங்கே நான் இருந்தது சில நாட்கள்தான், என் கருத்துக்குப் பாதி மதிப்பெண் போடுங்கள். மூன்றில் அழகான ஊர் அதுதான், சந்தேகமே இல்லை. ஹோவான் கியம் ஏரியைச் சுற்றி வார இறுதியில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஊரே நடக்கும், நடைபாதையில் குட்டி ஸ்டூல் போட்டு ஊற்றித் தரும் பியா ஹோய் பீர், பழைய நகரத்தின் சந்துகள் என்று பார்க்க அவ்வளவு இருக்கிறது. ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நம் உடம்புக்கு அது நல்ல குளிர், சில நாள் 10 டிகிரிக்குப் பக்கத்தில் போகும். வெயில் இல்லாத ஈரக் குளிர் அது, அதோடு காற்று மாசும் சேர்ந்துகொள்ளும். அங்கே நான் சந்தித்தவர்கள் பெரும்பாலும் குடும்பத்தோடு இருப்பவர்கள், பத்து மணிக்கு வீட்டிலிருந்து போன் வந்துவிடும். வடக்கத்தியர்கள் ஒதுங்கிப் பழகுபவர்கள் என்று தெற்கில் சொல்வதுண்டு. அது எனக்கு அப்படித் தோன்றவில்லை, பழக நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

டா நாங்தான் உண்மையான போட்டி. இணையத்தில் எல்லோரும் தூக்கி வைப்பதும் அதைத்தான், காரணம் இல்லாமல் இல்லை. மீ கே கடற்கரை நீளமாகவும் சுத்தமாகவும் இருக்கும், காலை 5 மணிக்கே ஊர்க்காரர்கள் பாட்டி தாத்தாவோடு வந்து குளித்துக்கொண்டிருப்பார்கள். ஹோய் ஆன் 30 கிலோமீட்டர், இன்னொரு பக்கம் ஹாய் வான் கணவாய், அதைத் தாண்டினால் ஹுவே. கல்லில் நாட்டம் இருந்தால் பழைய சம்பா நாட்டுச் சாம் மக்களின் சிற்ப அருங்காட்சியகமும் மீ சன் சிவன் கோயில்களும் இருக்கின்றன, நம் ஊர் ஆட்களுக்கு அங்கே லிங்கத்தையும் ஆவுடையையும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை மட்டும் போகாதீர்கள், மழையும் புயலும் அப்போதுதான்.

பின்னே ஏன் அங்கே தங்கவில்லை?

இரண்டாவது சந்திப்புதான் காரணம். முதல் சந்திப்பு எந்த ஊரிலும் நடக்கும், டிண்டர், பம்பிள் போன்ற டேட்டிங் ஆப்கள் மூன்று ஊரிலும் ஓடுகின்றன. ஆனால் டா நாங்கில் கடற்கரைப் பக்கம் ஆன் துவாங் பகுதியில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்தால் வருகிற முகங்களில் பெரும்பகுதி நம்மைப் போலவே பெட்டியோடு வந்தவர்கள். கொரியாவிலிருந்து வந்தவர், ரஷ்யாவிலிருந்து வந்தவர், ஹனோயிலிருந்து மூன்று நாள் லீவில் வந்த தோழிகள் கூட்டம். எல்லோரும் நன்றாகப் பேசுவார்கள், சிரிப்பார்கள், வியாழக்கிழமை ஃபிளைட் என்பார்கள். ஒரே அறிமுகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்: எந்த ஊர், என்ன வேலை, எத்தனை நாள் இருப்பாய். கொஞ்ச நாளில் அலுத்துவிடும். ஊர்க்காரர்கள் இல்லாமல் இல்லை, ஆனால் ஊர் சிறியது. நாலு பேருக்குத் தெரிந்த முகம் ஒரு வெளிநாட்டுக்காரரோடு இரண்டாம் முறை உட்கார்ந்திருந்தால் அது சேதியாகிவிடும் என்ற தயக்கத்தை நானே பார்த்தேன்.

சைகோனில் இது அப்படியே தலைகீழ். அந்த ஊரே பிழைக்க வந்தவர்களின் ஊர். மேக்காங் டெல்டாவிலிருந்து, நடு வியட்நாமிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் வந்து, அறை எடுத்துத் தனியாக இருப்பவர்கள் ஏராளம். கணக்காளர், நர்ஸ், டிசைனர், வங்கி ஊழியர் என்று திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ் போகிறவர்கள். அடுத்த வாரமும் அங்கேதான் இருப்பார்கள். வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அன்றாடம் இல்லை, கோடிப் பேர் நடமாடும் ஊரில் யார் யாரோடு காபி குடிக்கிறார் என்று பார்க்க யாருக்கும் நேரமும் இல்லை. முதல் நாள் காபி, அடுத்த புதன்கிழமை சாப்பாடு, அதற்கடுத்த ஞாயிறு அவருடைய நண்பர்களோடு நத்தை, மட்டி விற்கிற கடையில் ஒரு மேஜை. இந்த வரிசை நடக்க ஊரில் தங்குகிற ஆட்கள் வேண்டும். காதல் ஆகாமல் நட்பாக நின்றுவிட்டாலும் நஷ்டம் இல்லை, தனியாகப் போனவனுக்கு ஊரில் ஒரு ஆள் கிடைத்தாயிற்று. பழகிவிட்டால் பேச்சு ஆப்பிலிருந்து ஸாலோவுக்கு மாறும், அதை முதல் நாளே போனில் ஏற்றிவிடுங்கள், வாட்ஸ்அப் அங்கே அவ்வளவாக எடுபடாது.

தமிழர்களுக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. நகரின் நடுவில் துருவாங் டின் தெருவில் இருக்கும் மாரியம்மன் கோவில் சைகோன்காரர்கள் நிறைய பேருக்குத் தெரியும், வியட்நாமியர்களும் சீனர்களும் வேண்டிக்கொள்ளப் போகிற இடம். அந்தக் கோவில் எங்கள் ஊர் ஆட்கள் கட்டியது என்று ஆரம்பித்தால் பேச்சு தானாக ஓடும்.

இரண்டாவது சந்திப்போடு ஒட்டிய இன்னொன்று, போக்குவரத்து. டா நாங்கில் ஸ்கூட்டர் இல்லாமல் கை ஒடிந்த மாதிரி. ஆனால் வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படி தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை. இந்தியாவில் தருவது 1949 ஒப்பந்தப்படி. அதனால் 50 சிசிக்கு மேல் வண்டி ஓட்டினால் நீங்கள் லைசென்ஸ் இல்லாத ஆள்தான், விபத்து என்றால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும். போதாததற்கு 2020-லிருந்து குடித்துவிட்டு ஓட்டினால் ஒரு சொட்டுக்கும் விலக்கு இல்லை, அபராதம் கடுமை. சைகோனில் கிராப் ஆப்பில் பைக் டாக்ஸி அழைத்தால் ஓரிரு நிமிடத்தில் வாசலில் நிற்கும், இரண்டு பேர் என்றால் கார். 2024 டிசம்பரில் மெட்ரோவும் வந்துவிட்டது, நகர நடுவிலுள்ள பென் தானிலிருந்து தாவ் டியென் பக்கம் போக அது போதும்.

சைகோனுக்குள் எங்கே? பார்கள் நிறைந்த புய் வியன் தெருவுக்குப் பக்கத்தில் அறை எடுக்காதீர்கள், தூக்கம் போய்விடும், அங்கே சுற்றுபவர்களும் சுற்றுலாக்காரர்கள்தான். தாவ் டியெனில் வெளிநாட்டுக்காரர்கள் அதிகம், விலையும் அதிகம். பின் தானும் ஃபூ ந்யுவானும்தான் என் தேர்வு, ஆபீஸ் போகிறவர்கள் குடியிருக்கும் பகுதிகள். மாவட்டங்களை 2025 ஜூலையில் நிர்வாகரீதியாக எடுத்துவிட்டார்கள், ஆனால் 'மாவட்டம் 1', 'பின் தான்' என்றுதான் இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள், அறை தேடும்போதும் அப்படியே தேடுங்கள். குடும்பம் நடத்தும் சின்ன லாட்ஜைவிட அபார்ட்மெண்ட் அறை நல்லது. ராத்திரி தங்குகிறவர் யாரானாலும் பதிவு செய்ய வேண்டும் என்பது அங்கே விதி, லாட்ஜில் வரவேற்பு மேஜையில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு மேலே வர யாருக்குமே சங்கடமாகத்தான் இருக்கும்.

சைகோனில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நெரிசல், சத்தம், மே முதல் நவம்பர் வரை சாயங்கால மழை, கடலுக்கு வுங் தாவ் வரை போக வேண்டும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு சாலை ஓரம் நின்றால் பைக்கில் வந்து பறித்துக்கொண்டு போவது நிஜம். அப்புறம் ஆப்பில் அறிமுகமான முதல் நாளே 'இந்த பாருக்கு வா' என்று குறிப்பிட்ட ஒரே இடத்துக்கு இழுத்தால் போகாதீர்கள், பில் உங்கள் ஒரு மாத வாடகையைத் தாண்டும். முதல் சந்திப்புக்கு இடத்தை நீங்கள் சொல்லுங்கள், காபிக் கடைக்கா அங்கே பஞ்சம். எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள், முப்பதை நெருங்குகிறவர்களுக்கு அங்கேயும் கல்யாணப் பேச்சு வீட்டிலிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும். காசு கொடுத்து முடிக்கிற எண்ணத்தோடு போகிறவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது, அது அங்கே சட்டவிரோதம்.

இதெல்லாம் ஓர் ஆண் பார்த்த கணக்கு. அங்கே சந்தித்த இந்தியப் பெண்கள் சிலர் டா நாங்கைத்தான் சொன்னார்கள், இரவு தனியாக நடக்கச் சைகோனைவிட அது நிம்மதி என்று, அவர்கள் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். தன்பால் உறவு அங்கே குற்றமில்லை. ஒருபால் திருமணத் தடையை 2015-இல் நீக்கினார்கள், ஆனால் சட்ட அங்கீகாரம் தரவில்லை.

சைகோன் என்று முடிவு செய்தால் டெட் புத்தாண்டை மட்டும் தவிர்த்துத் தேதி போடுங்கள். ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும், சில வருடம் சற்றுத் தள்ளியும் போகும். ஊரே பிழைக்க வந்தவர்கள் என்றேன் இல்லையா, அந்த ஒரு வாரம் அத்தனை பேரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், கடைகளும் மூடிக் கிடக்கும். டா நாங்கைப் பார்க்காமல் திரும்ப மனசு வரவில்லை என்றால் அந்த வாரத்தை விட்டுவிட்டு ஒரு நீண்ட வார இறுதியில் போய் வாருங்கள், விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். இ-விசா 90 நாளுக்குக் கிடைக்கிறது, ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், அரசு தளத்திலேயே போடுங்கள், நடுவில் ஏஜென்ட் வேண்டாம்.