அலபாமா ஷேக்ஸ்: முதல் ஆல்பமா, இரண்டாவதா?

அமெரிக்க ராக் குழுவான அலபாமா ஷேக்ஸின் ரசிகர்களிடம் எந்த ஆல்பம் உசத்தி என்று கேட்டால் இரண்டு கட்சி உண்டு. 2012இல் வந்த ‘பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்’ பக்கம் நிற்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்கத் தெற்கின் பழைய சோல் இசை, ப்ளூஸ் ராக், எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசிக்கிற நெருக்கம். ‘ஹோல்ட் ஆன்’ பாடல் முதல் தடவையிலேயே மனதில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் என் ஓட்டு 2015இல் வந்த ‘சவுண்ட் அண்ட் கலர்’ ஆல்பத்துக்குத்தான். தொடக்கத்திலேயே கிட்டாருக்குப் பதில் வைப்ரஃபோன், அதாவது உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி. மெல்லச் சொட்டும் அந்த ஒலிக்கு மேல் பாடகி பிரிட்டனி ஹோவர்டின் குரல் ஏறி வரும். ‘கிம்மி ஆல் யுவர் லவ்’ பாடல் இன்னும் அபாரம். அடங்கிய குரலில் பாடிக்கொண்டிருப்பார், திடீரென்று மொத்தக் குழுவும் வெடிக்கும், உடனே மறுபடி அமைதி. பின்பாதியில் தாளமே மாறி வேகம் பிடிக்கும். சோல், ஃபங்க், சைக்கடெலிக், கராஜ் ராக் எல்லாம் ஒரே ஆல்பத்தில் இருந்தும் எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. 2016 கிராமியில் சிறந்த ஆல்டர்நேட்டிவ் ஆல்பம் விருதும் இதற்குக் கிடைத்தது.

இதே ஆல்பத்தில் வரும் ‘ஜெமினி’ பாடல் ஆறு நிமிடத்துக்கு மேல் இழுக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஹெட்போனில் கேளுங்கள், அந்த இழுவைதான் சுகம். சரி, புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்குவது? என் ஓட்டு இரண்டாவதுக்கு என்றாலும், முதல் ஆல்பத்தில்தான்; சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்வது அதுதான்.