"உங்களுக்கு அடிப்படை வகுப்பே தேவையில்லை" என்றார். 1,880 வெள்ளி கட்டினேன்

இதை எழுத மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். கோபம் ஆற வேண்டும், தொண்டையும் ஆற வேண்டும். நடிப்புப் பயிற்சி நடத்தியவரின் பெயரை இங்கே போடப்போவதில்லை. பெயரை மாற்றி அடுத்த விளம்பரம் போட அவருக்குப் பத்து நிமிடம் போதும். எப்படி மாட்டினேன் என்று தெரிந்தால்தான் உங்களுக்குப் பயன்.

பகலில் சிங்கப்பூரில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் கணக்கு வேலை. பதினோரு வருடமாக மேடை நாடகம். சமூக மன்றம், தமிழ் மொழி விழா, கூப்பிட்டால் கோவில் விழா. வசந்தம் தொலைக்காட்சியில் இரண்டு முறை தலைகாட்டியிருக்கிறேன். ஒன்றில் தாதி, இன்னொன்றில் பக்கத்து வீட்டுக்காரி, மொத்தம் நான்கு வசனம். நம் ஊரில் தமிழில் நடிக்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். முறையாகப் படித்ததில்லை, பார்த்துக் கற்றது. "எனக்கு உண்மையில் நடிக்கத் தெரியுமா?" என்ற சந்தேகம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தைத்தான் அவர் சரியாகத் தொட்டார்.

ஏப்ரலில் ஒரு நாடகம் முடிந்த இரண்டாம் நாள் வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தது. "உயர்நிலை நடிப்புப் பயிற்சி: நடிப்பு, உடலசைவு, குரல்." 12 சனிக்கிழமைகள், 1,880 வெள்ளி, நேர்முகத் தேர்வு உண்டு, பத்துப் பேருக்கு மட்டும் இடம். படத்தில் மரத்தரை, சுவர் முழுக்கக் கண்ணாடி. ஆசிரியர் பாரிசில் ஜாக் லெகாக் நாடகப் பள்ளி முறையில் பயின்றவர் என்று போட்டிருந்தது. "முறையில்" என்ற அந்தச் சின்னச் சொல்லை நான் கவனிக்கவில்லை. லெகாக் 1956-ல் தொடங்கிய பள்ளியில் படிப்பு இரண்டு வருடம். இவர் எங்கோ இரண்டு நாள் பட்டறைக்குப் போனவர் என்று ஆறாவது வாரம் அவர் வாயாலேயே தெரிந்தது.

தேர்வு ஏழு நிமிடம் நடந்தது. ஒரு வசனம் பேசிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு அடிப்படை வகுப்பே தேவையில்லை. உங்களுக்குள் ஒரு காயம் இருக்கிறது, அதைத் திறந்தால் போதும்" என்றார். வீட்டுக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலில் சிரித்துக்கொண்டே போனேன், பைத்தியக்காரி மாதிரி. முதல் வகுப்பில் பேசிப் பார்த்தால், வந்திருந்த எல்லாரிடமும் அதே வாக்கியம், அதே காயம். பத்துப் பேர் என்றது இருபத்து நான்காக இருந்தது. தேர்வில் தோற்றவர் ஒருவர்கூட இல்லை என்பது அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பணத்தைப் போன் வழியாக, பேநவ்வில் அனுப்பச் சொன்னார். திரையில் வேறொரு பெயர் வந்தது. "மனைவி கணக்கு" என்றார். பயிற்சிக்கென்று அரசாங்கம் தருகிற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்டதற்கு, "விண்ணப்பித்திருக்கிறோம், வந்ததும் கழித்துக்கொள்ளலாம்" என்றார். அதற்கான மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் அப்படி ஒரு வகுப்பே இல்லை. நான் தேடிப் பார்த்தது பணம் போன பிறகு.

சரி, வகுப்புக்கு வருவோம். கண்ணாடி அறை கிடையாது. ஊபி வட்டாரத்தில் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தின் ஐந்தாம் மாடி, சிமெண்டுத் தரை, பக்கத்து அறையில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற சத்தம். "சார் வேண்டாம், ஆசான் என்று கூப்பிடுங்கள்" என்றார். கூப்பிட்டோம்.

உடலசைவு என்று முதலில் சுசுகி முறை. ஜப்பானிய இயக்குநர் தடாஷி சுசுகி உருவாக்கிய பயிற்சி அது. தரையை ஓங்கி மிதிக்க வேண்டும், இடுப்புக்கு மேலே ஆடக் கூடாது. நல்ல பயிற்சிதான், மரத்தரையில், தெரிந்தவர் பக்கத்தில் இருந்து திருத்தினால். சிமெண்டில் இருபது நிமிடம் மிதித்தோம். ஐம்பது வயது தாண்டிய ஓர் அண்ணன் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டார், முழங்கால் வலி. அடுத்தது லாபான் முறை. நடன ஆசிரியர் ருடால்ஃப் லாபான் மனித அசைவை எட்டு விதமாகப் பிரித்தார்: அழுத்துவது, சுண்டுவது, பிழிவது, ஒற்றுவது, வீசி வெட்டுவது, வழுக்கிப் போவது, குத்துவது, மிதப்பது. இதை நகலெடுத்த ஒரு தாளில் கொடுத்துவிட்டு, "உணருங்கள்" என்று சொல்லிப் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அன்றிரவு வீட்டில் நானே தேடிப் படித்தேன். "சாப்பிட்டியா?" என்ற ஒரே சொல்லை ஒற்றுகிற மாதிரியும் பிழிகிற மாதிரியும் சொல்லிப் பார்த்தால் இரண்டு வேறு அம்மாக்கள் வருகிறார்கள். அந்த 1,880 வெள்ளியில் நான் உருப்படியாகக் கற்றது அதுதான், அதுவும் சொந்த முயற்சியில்.

குரல் வகுப்பில்தான் கதை மோசமானது. "தொண்டையிலிருந்து பேசாதே, வயிற்றிலிருந்து கத்து" என்றார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சத்தம் பிறப்பது குரல்நாண்களில் மட்டும்தான். கீழேயிருந்து வருவது மூச்சு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானம் என்ற தசை இறங்கி நுரையீரல் விரிய இடம் கொடுக்கிறது, அவ்வளவே. அந்த மூச்சின் தாங்கல் இல்லாமல் கத்தினால் இரண்டு நாண்களும் மோதி அடிபடுகின்றன. கிறிஸ்டின் லிங்க்லேட்டர் போன்ற குரல் ஆசிரியர்கள் ஆரம்பத்தில் கத்தவே விடுவதில்லை. தரையில் படுத்து, தாடையையும் நாக்கையும் தளர்த்தி, பெருமூச்சில் தொடங்குவார்கள். நாங்கள் நாற்பது நிமிடம் "ஆ" என்று அலறினோம். குரல் கம்மினால், "தடை உடைகிறது, தொடருங்கள்" என்றார். ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைக் கூப்பிட வாயைத் திறந்தேன், காற்று மட்டும் வந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகவில்லை. பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்த்தார்கள். குரல்நாண்களில் வீக்கம். ஒரு வாரம் பேசாதீர்கள், கிசுகிசுக்கவும் வேண்டாம் என்றார் மருத்துவர். கிசுகிசுத்தால் தொண்டைக்கு ஓய்வு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பேச்சு சிகிச்சையாளர் கொடுத்த பயிற்சி, தண்ணீர்க் குவளையில் உறிஞ்சுகுழலை வைத்துக் குமிழி விட்டபடி மெல்ல ஒலி எழுப்புவது. மகளுக்கு அது பெரிய வேடிக்கை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்காவது வாரம் "உணர்ச்சி நினைவு" என்று ஒவ்வொருவரையும் வட்டத்துக்கு நடுவே நிறுத்தி, வாழ்க்கையில் மிக வலித்ததைச் சொல்லச் சொன்னார். அப்பா இறந்த இரவைச் சொல்லி அழுதேன். பிறகு வந்த அவருடைய விளம்பரக் காணொளியில் ஆறு விநாடி நான் அழுகிறேன், பின்னணியில் வயலின். யாரும் என்னிடம் கேட்கவில்லை. பணத்தைவிட இதுதான் இன்னும் உறுத்துகிறது.

கடைசி வார மேடையேற்றத்துக்கு ஆளுக்கு 20 டிக்கெட் விற்க வேண்டும், விற்காததற்குக் கைக்காசு, என்றதும் நின்றேன். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "அடுத்த பிரிவில் இலவசமாகச் சேருங்கள்" என்று பதில். பயனீட்டாளர் சங்கமான கேஸில் ஆலோசனை கேட்டு, முதலில் எழுத்தில் கோரினேன். பதில் இல்லை. பிறகு சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் வைக்க முடியாது, என் தொகைக்கு மனுக் கட்டணம் வெறும் 10 வெள்ளி. எல்லாம் இணையத்திலேயே. மனு போன மறுவாரம் அவரே போன் செய்து 900 தருகிறேன் என்றார். வாதாட எனக்குக் குரல் இல்லை, உண்மையாகவே இல்லை. வாங்கிக்கொண்டேன். காணொளியையும் எடுக்க வைத்தேன்.

பணம் கட்டும் முன் கேட்டிருக்க வேண்டியவை இப்போது நன்றாகத் தெரிகிறது. யாரிடம், எத்தனை வருடம் படித்தீர்கள்? தரை என்ன தரை? குரல் கம்மினால் என்ன செய்வீர்கள்? படம் எடுப்பீர்களா? நிறுவனப் பெயரை, நிறுவனங்களைப் பதிவுசெய்கிற அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் இலவசமாகத் தேடலாம். இவருடையது அங்கே இல்லை. "உயர்நிலை" என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகியுங்கள். இங்கே நாடகக் கலைஞர்கள் குவோ பாவ் குன்னும் டி. சசிதரனும் 2000-ல் தொடங்கிய நடிப்புப் பயிற்சிக்கூடத்தில் மூன்று வருடம் முழுநேரமாகப் படிக்கிறார்கள், கேரளத்துக் கூடியாட்டம், ஜப்பானிய நோ நாடகம், பெய்ஜிங் ஓபரா என்று அந்தந்த ஆசான்களிடமே. பன்னிரண்டு சனிக்கிழமையில் நடக்கிற காரியமா இது? வேலை பார்த்துக்கொண்டு நம்மால் மூன்று வருடம் போக முடியாது, உண்மைதான். அதற்காக, கற்றுத்தருவது அடிப்படை மட்டும் என்று நேர்மையாகச் சொல்கிற சின்னப் பட்டறைகள் இல்லாமல் இல்லை. நான் இப்போது அப்படி ஒன்றில் இருக்கிறேன். முதல் மாதம் முழுக்க மூச்சு விடத்தான் கற்றோம்.

அந்த இருபத்து நான்கு பேரில் யாராவது இதைப் படித்தால், பேநவ் ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். கோரிக்கை கொடுக்க இரண்டு வருட அவகாசம் உண்டு. மனு எப்படி எழுதுவது என்று கேட்டால் என்னுடையதை அனுப்புகிறேன். போன் மட்டும் வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். மாலையானால் குரல் இன்னும் கம்முகிறது.