கிளிநொச்சியில கூப்பிட்ட சைகை மொழிபெயர்ப்புச் சேவை, நல்ல திருப்தி

காது கேளாத என்ர சித்தியின்ர காணி அலுவலுக்கு ரெண்டு மொழிபெயர்ப்பாளர் வந்தவை, ஒராள் காது கேக்கிறவர், மற்றவர் பிறவியிலயே கேளாதவர். கேளாதவர் எப்பிடி மொழிபெயர்க்கிறது எண்டு கனபேர் கேக்கினம். அதிகாரி சொல்லுறதை காது கேக்கிறவர் சைகையில குடுப்பார், கேளாதவர் அதை வாங்கி முகத்தாலயும் கையாலயும் நடிச்சும் கீறியும் சித்திக்கு விளங்கப்படுத்துவார், பதில் அதே வழியால திரும்பி வரும். சித்தி இடம்பெயர்வுக்குள்ள வளந்தவ, பள்ளிக்கூடம் போகேல்ல, வீட்டுச்சைகை, அதாவது வீட்டுக்காரரோட தாங்களே உண்டாக்கின சைகை மட்டும்தான் தெரியும், 2009க்கு முதல் வளந்த ஆக்களில இப்பிடி இருக்கினம், அவைக்கு படிச்ச சைகைமொழி அப்பிடியே எடுபடாது, கேளாத ஒருவருக்குத்தான் அந்த நெளிவு சுளிவு நல்லாப் பிடிபடும். முதல்தரமா சித்தி தானே கேள்வி கேட்டவ!

வேலை லேசில்லை, மூளையும் கையும் களைச்சுப்போகும், இடைக்கிட ஓய்வு குடுக்கத்தான் வேணும். கந்தோரில ஒராள் கேளாத மொழிபெயர்ப்பாளரைக் காட்டி "இவர் என்னத்துக்கு" எண்டு கேட்டது எனக்கு சரியான கோவம், அவரும் தொழில்காரர்தானே. ரெண்டு பேருக்கும் காசு குடுக்க வேணும், அது நியாயம். கூப்பிடுறாக்கள் பத்திரங்களை முதல்நாளே காட்டுங்கோ, அவை ஆயத்தமா வருவினம்.