'1966 ஜாஸ் பேஸ்' என்று சொல்லி 5,800 பவுண்டு வாங்கிக்கொண்டார்கள்: பழைய பேஸ் கிட்டார் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

லண்டனில் பழைய கிட்டார்களை வாங்கி விற்கும் ஒரு கடை, 1970களில் செய்த உடலில் 1966ஆம் ஆண்டின் நெக்கை (இடது கை பிடிக்கும் கழுத்துப் பகுதியை) பொருத்தி, அதை அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் 1966 ஜாஸ் பேஸ் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டது. நான் கொடுத்த தொகை 5,800 பவுண்டு. பணம் திரும்பாது என்று கடை நேற்று மாலை மின்னஞ்சலில் கைவிரித்துவிட்டதால், ஆத்திரம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதுகிறேன். வழக்குத் தொடுக்கும் எண்ணம் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் கையாண்ட முறையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அது அந்த ஒரு கடையோடு நிற்கும் முறை அன்று.

பழைய பேஸ் வாங்குகிறவன் காதை நம்பித்தான் போகிறான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே விலையைப் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே மூன்று வாத்தியங்களை வரிசையாக நிறுத்தி, ஒரே ஆம்ப் (ஒலிபெருக்கி), ஒரே கேபிள், ஆம்பின் குமிழ்களில் கைவைக்காமல் வாசித்துப் பாருங்கள் என்றார் விற்பனையாளர். ஒன்று ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரெசிஷன் பேஸ், 1964ஆம் ஆண்டினது, ஒன்று 1973ஆம் ஆண்டின் ஜாஸ் பேஸ், நடுவில் ஒலிம்பிக் ஒயிட் என்னும் வெள்ளை வண்ணம் பூசிய இந்த '1966'. இதைவிட நேர்மையான ஒப்பீடு இருக்க முடியுமா என்றே எவருக்கும் தோன்றும்.

ஒப்பீடு சுவையாகவே இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். பிரெசிஷனின் நெக், நட் (தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் சிறு கட்டை) அருகே ஒன்றே முக்கால் அங்குல அகலம். இடது கை விரல்கள் விரிந்து உழைக்க வேண்டும். இரண்டாகப் பிளந்த அதன் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), 1957 முதல் அந்த மாடலில் இருக்கும் அமைப்பு, மின் முனகலைத் தானே அடக்கிவிடுவதால் ஓசையின்றி நின்று, தொட்டவுடன் நடு அலைவரிசையில் கனத்த ஒரு குத்தைக் கொடுக்கும். மோட்டவுன் இசைப்பதிவுகளின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962 பிரெசிஷனில் தட்டைக் கம்பிகளை (மேற்பரப்பு வழவழப்பானவற்றை) மாற்றாமலே வாசித்த கதையை விற்பனையாளர் எடுத்துவிட்டார். உண்மைக் கதைதான், விற்பனைக்கும் நன்றாக உதவுகிறது. 1973 ஜாஸ் பேஸ் அதற்கு நேர் எதிர். ஆஷ் மர உடல், மேப்பிள் விரற்பலகை, கட்டைவிரலால் அடித்தால் கண்ணாடியில் சில்லறை விழுந்ததுபோன்ற தெறிப்பு. 1970களின் தொடக்கத்தில் ஜாஸ் பேஸின் பின் பிக்கப்பைப் பிரிட்ஜை (உடலில் கம்பிகள் முடியும் தாங்கியை) நோக்கி நகர்த்தினார்கள். அறுபதுகளில் இரு பிக்கப்புகளுக்கும் இடையே ஏறத்தாழ 3.6 அங்குலமாக இருந்த தூரம் 4 அங்குலமானது. கம்பி இறுக்கமாக அதிரும் இடத்துக்கு அருகே பிக்கப் போகப் போக ஒலியில் அடிக்கனம் குறைந்து கூர்மை ஏறும்.

பிறகு '1966'ஐக் கையில் கொடுத்தார்கள். ஒன்றரை அங்குல நெக், ஓரத்தில் வெண்பட்டை, ரோஸ்வுட் பலகையில் புள்ளிகள், அறுபதாண்டுகளாகக் கைகள் தேய்த்து வழவழப்பாக்கிய பின்புறம். அந்த நெக்கைப் பிடித்த எவரும் மயங்கத்தான் செய்வார்கள், ஏனென்றால் அது அசல். இரண்டு வால்யூம் குமிழ்களையும் முழுதாகத் திறந்தால் அமைதி. ஒன்றைச் சற்றுக் குறைத்தால் மெல்லிய முனகல் எழும். அதையும் பழைமையின் அடையாளம்போலச் சிரித்தபடி சுட்டிக்காட்டினார். எதிரெதிராகச் சுற்றிய இரு பிக்கப்புகள் ஒன்றையொன்று அடக்குவதும், ஒன்று தாழ்ந்தால் முனகல் வெளிவருவதும் இன்று புதிதாகச் செய்யும் ஒற்றைச் சுருள் பிக்கப்பிலும் அப்படியே நடக்கும். ஒலி தடித்தும் இனிமையாகவும், 1973இன் கூர்மை இல்லாமலும் இருந்தது. 1973இல் புத்தம்புதிய எஃகு வரிக்கம்பிகளும் (மேற்பரப்பு சொரசொரப்பானவை) இதில் பழகிப்போன தட்டைக் கம்பிகளும் மாட்டியிருந்தன என்பதைக் கவனியுங்கள். ஆம்ப் ஒன்று, கேபிள் ஒன்று, கம்பி மட்டும் வேறு. நான் கேட்ட வேறுபாட்டில் பெரும்பங்கு சில பவுண்டு விலையுள்ள கம்பியின் வேறுபாடு.

இன்னொன்று. மூன்றையும் நாற்காலியில் உட்கார்ந்தே வாசிக்கச் சொன்னார்கள். இடம் சிறியது, நின்றால் மற்றக் கிட்டார்களில் இடிக்கும் என்றார்கள். மடியில் வைத்த வாத்தியத்தின் எடை யாருக்கும் சரியாகத் தெரியாது.

வண்ணம் மட்டும் மறுபூச்சு, மற்றெல்லாம் அசல் என்பதே அவர்கள் உறுதி. அசல் வண்ணம் போனால் இத்தகைய வாத்தியத்தின் மதிப்பு பாதிக்கு அருகே இறங்கும் என்பதால் 5,800 பவுண்டு நியாயமாகவே தோன்றியது. 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்னும் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை வாங்கியதற்கு முந்தையவற்றுக்குத்தான் வானளாவிய விலை, இது அதற்குச் சற்றுப் பிந்தியது, ஆனால் அதே கைகள் செய்தது என்று விளக்கம் வேறு. உள்ளே திறந்து காட்டுங்கள் என்று கேட்டேன். அந்தக் கணத்தில்தான் அவர்கள் திறமை முழுதும் வெளிப்பட்டது. தயக்கமே இல்லாமல் கைப்பேசியை எடுத்து, நெக்கைக் கழற்றி எடுத்த புகைப்படத்தைக் காட்டினார். நெக்கின் அடிப்பகுதியில் '7 ஏப்ரல் 66 ஏ' என்ற முத்திரை. ஏழு என்பது ஜாஸ் பேஸைக் குறிக்கும் எண், ஏ என்பது ஒன்றரை அங்குல அகலத்தைக் குறிக்கும் எழுத்து. படம் உண்மை, முத்திரை உண்மை. உடலின் உட்குழியைத் திறப்பதைப் பற்றி மட்டும், பழைய மரத்தில் திருகுகளை அடிக்கடி கழற்றினால் துளைகள் தளர்ந்துவிடும், எங்கள் தொழில்நுட்பர் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்று சொல்லி, கடை முத்திரையிட்ட ஒரு தாளைக் கையில் தந்தார். அக்கறையுள்ளவர் பேசுகிற பேச்சாகத்தான் அது இருந்தது. அட்டையில் செலுத்தினால் கட்டணம் கூடும் என்று வங்கிப் பரிமாற்றம் கேட்டார்கள். அப்படியே 5,800 பவுண்டு போய்ச் சேர்ந்தது.

பட்டுப் புடவையின் முந்தானையை விரித்துக் காட்டிவிட்டு உடலில் கலப்பு நூலை நெய்து விற்பது நம்மவர்களுக்குப் புதிய செய்தியன்று. இங்கே நெக்தான் முந்தானை.

வீட்டில் தோளில் மாட்டி நின்று வாசித்தபோதே சந்தேகம் வந்தது. தராசில் 4.9 கிலோ. ஆல்டர் மரத்தில் செய்த அறுபதுகளின் ஜாஸ் பேஸ் பொதுவாக இதைவிட இலேசாக இருக்கும். அனுபவமுள்ள ஒரு கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் குமிழ்கள் பொருந்தியிருக்கும் உலோகத் தகட்டைத் தூக்கினார். அதன் அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டர்களின் (குமிழ் திருப்பும் மின்பாகங்களின்) முதுகில் ஓர் எண் அச்சாகியிருக்கும். தொடக்கத்து 137 என்பது செய்த நிறுவனம் சிடிஎஸ் என்பதைச் சொல்லும், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டு வாரம். மூன்றிலும் 1377412. அதாவது 1974ஆம் ஆண்டின் 12ஆம் வாரம். ஒன்று பழுதாகி மாற்றியிருக்கலாம் என்று சொல்லலாம். மூன்றும் ஒரே வாரத்தில் பழுதாகுமா?

பிறகு பின் பிக்கப்பைக் கழற்றினார். அங்கே இருந்ததைப் பார்த்தபின் பேச ஒன்றுமில்லை. பிக்கப் குழியின் பிரிட்ஜ் பக்கத்தில், வேறொரு மரத்துண்டை வெட்டிப் பசையிட்டு அடைத்திருந்தார்கள். பழைய குழி நான்கு அங்குலத் தூரத்தில் இருந்தது. அதன் ஒரு பகுதியை அடைத்து, முன்பக்கம் குடைந்து, அறுபதுகளின் இடத்துக்குப் பிக்கப்பை நகர்த்தியிருக்கிறார்கள். அடைத்த இடத்தின் மேல் வெள்ளை வண்ணம் கனமாக ஏறியிருந்தது. வண்ணம் படாத குழிச் சுவரில் ஆஷ் மரத்தின் பட்டையான ரேகைகள் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன. ஒலிம்பிக் ஒயிட்டைத் தேர்ந்தெடுத்தது அழகுக்காக அன்று, மரத்தை மறைக்கத்தான் என்பது அப்போது விளங்கியது. பிக்கப்பை அறுபதுகளின் இடத்தில் வைத்தால் ஒலியும் அறுபதுகளின் பக்கம் சாயத்தான் செய்யும். எவ்வளவு தேர்ந்த காதானாலும் இதைக் கண்டுபிடிக்க வாய்ப்பில்லை. அதனால்தான் காதுக்கு அத்தனை உபசாரம் செய்தார்கள். இந்தக் கலவைக்கு மூவாயிரம் பவுண்டுக்குமேல் ஒருவரும் தரமாட்டார் என்றார் பழுதுபார்ப்பவர். நான் கொடுத்தது 5,800.

இனி அவர்கள் கைகழுவிய கதை. முதலில், உங்களுக்கு விற்றவர் விடுப்பில் இருக்கிறார். அடுத்து, வாத்தியத்தை வெளியாள் திறந்துவிட்டதால் எங்கள் உறுதி செல்லாது. அதற்கும் அடுத்து, இது எங்கள் சொத்தே அன்று, வேறொருவர் கமிஷனுக்கு விற்கக் கொடுத்தது, அவர் வெளிநாட்டில் இருக்கிறார். உரிமையாளர் யார் என்று கேட்டால் தனியுரிமை. இறுதியாக விற்பனையாளரே தொலைபேசியில் வந்து, "ஒலி பிடித்துப்போய்த்தானே வாங்கினீர்கள், ஒலி மாறிவிட்டதா?" என்று கேட்டார். என் 5,800 பவுண்டைவிட அந்தக் கேள்விதான் உறுத்துகிறது. ஒலிக்கு மட்டும் விலை என்றால் ஆண்டை ஏன் அட்டையில் எழுதித் தொங்கவிட்டீர்கள்? கடைசியில் 600 பவுண்டுக்குக் கடைச் சலுகைச் சீட்டுத் தருகிறோம் என்றார்கள். அவர்களிடமே இன்னொன்று வாங்குவதற்கு!

ரசீதை எடுத்துப் பார்த்தால் 'ஜாஸ் பேஸ், மறுவண்ணம், பயன்படுத்தியது' என்று மட்டும் இருக்கிறது, ஆண்டைக் காணோம். 1966 என்று பெரிதாக எழுதிய இணையப் பக்கத்தை விற்றவுடனேயே நீக்கிவிட்டார்கள். அதன் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது, இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். வங்கியைக் கேட்டதற்கு, பொருள் கைக்கு வந்துவிட்டதால் இது இரு தரப்புக்கும் இடையிலான உரிமையியல் தகராறு என்று ஒரே வரியில் ஒதுங்கிக்கொண்டது.

பழைய பேஸ் வாங்குவது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. பிக்கப்பையும் குமிழ்த் தகட்டையும் உங்கள் கண்ணெதிரே திறக்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். நெக்கின் முத்திரை நெக்குக்கு மட்டுமே சான்று. ஒப்பிட்டுக் கேட்க வேண்டுமானால் கம்பிகளும் ஒன்றாக இருக்கட்டும். நின்று வாசியுங்கள். மரத்தை மூடிய வண்ணப் பூச்சின் கீழே என்ன மரம் என்று கேளுங்கள். ரசீதில் ஆண்டு இருக்க வேண்டும். பிரிட்டனில் இருப்பவர்கள் கடன் அட்டையில் செலுத்துங்கள். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்கு அட்டை வழங்கிய நிறுவனமும் பொறுப்பு. வங்கிப் பரிமாற்றத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, கடைக்கு அது தெரியும்.

சொன்ன விவரத்தோடு பொருள் பொருந்த வேண்டும் என்கிற 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தை மேற்கோள் காட்டி இன்று காலை முறைப்படி கடிதம் அனுப்பிவிட்டேன். 10,000 பவுண்டுக்குள் இருப்பதால் சிறுவழக்கு நீதிமன்றத்துக்கே போகலாம். அந்தக் கடையின் பட்டியலில் 1964 பிரெசிஷன் இன்னும் விற்பனைக்கு நிற்கிறது. நெக் முத்திரையின் படத்தைப் போட்டிருக்கிறார்கள், உட்குழியின் படத்தைப் போடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தமிழ் நண்பர் யாரேனும் இருந்தால், பணம் அனுப்பும் முன் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.